உடலுக்குள் விளையும் கனிமங்கள்

அண்டார்ட்டிகாவை ஒட்டிய வெடெல் கடலின் தரையிலிருந்து அள்ளிய சேற்றில் நிறமற்ற நுண்படிகங்கள் சில கிடைத்தன. 1936ஆம் ஆண்டு பானிஸ்டர், ஹே என்ற இரு கனிமவியலாளர்கள் அவற்றை ஆராய்ந்து, அவை நீர் மூலக்கூறுகளைச் சுமந்த கால்சியம் ஆக்சலேட் என்று விவரித்தார்கள். பின்னர் அந்தக் கடலின் பெயராலேயே அந்தக் கனிமத்துக்கு வெடெலைட் என்று பெயர் வந்தது. உறைபனிக் கடலின் அடியில் கிடந்த இதே பொருள்தான், நள்ளிரவில் விலாவைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி வரும் பலருடைய சிறுநீரகத்திலும் இருக்கிறது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1845இல் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்காக நிலத்தைத் தோண்டினார்கள். கழிவு ஊறிய பழைய மண்ணில் ஒரு புதிய படிகம் தென்பட்டது. மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த அந்தப் படிகத்துக்கு ஸ்ட்ருவைட் என்று பெயரிட்டார்கள். கிருமித்தொற்றால் சிறுநீரகத்தில் வளரும் கற்களின் முதன்மைப் பொருள் அதுதான். உர ஆலைகளுக்காக வெட்டியெடுக்கப்படும் பாஸ்பேட் பாறையில் உள்ள அபடைட் குடும்பத்துக் கனிமம் நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. சிறுநீரகக் கல்லிலும் இருக்கிறது.

சிறுநீரகக் கல் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் பல கனிமங்களை. ஒவ்வொரு கனிமமும் உருவாகத் தனித்தனிச் சூழல் வேண்டும். ஒன்றுக்கு அமிலம் வேண்டும், மற்றொன்றுக்குக் காரம் வேண்டும்; ஒன்று பாக்டீரியாவின் வேலை, இன்னொன்று மரபணுவின் வேலை. ஆகவே கல் எதனால் ஆனது என்று தெரிந்தால், அது ஏன் வந்தது என்பதிலும் பெரும்பகுதி தெரிந்துவிடும். இந்த அத்தியாயம் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே. நம் ஊரில் கல் வெளியேறியதும் நிம்மதிப் பெருமூச்சோடு அதைக் கழிப்பறையில் விட்டுவிடுகிறோம். அடுத்த கல்லைத் தடுப்பதற்கான தடயமும் அதோடு போய்விடுகிறது.

எல்லோருடைய சிறுநீரும் அதிதெவிட்டியதுதான்

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஏறக்குறைய முழுவதையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசியில் வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான். வேண்டாத உப்புகளும் கழிவுகளும் அந்தச் சிறிய அளவு நீருக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. கால்சியமும் ஆக்சலேட்டும் சாதாரணத் தண்ணீரில் எவ்வளவு கரையுமோ, அதைவிடப் பல மடங்கு அதிகமாக ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரில் இருக்கின்றன. பள்ளி வேதியியலில் படித்த அதிதெவிட்டிய கரைசல் இதுதான்.

பனங்கற்கண்டு செய்பவர்களுக்கு இந்த வேதியியல் கைவந்த கலை. பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, நூல் கட்டிய பானையில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். கரைசல் தாங்க முடியாத சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். செறிவு, பற்றிக்கொள்ள ஓர் இடம், காலம் ஆகிய மூன்றும் அங்கே சேர்கின்றன. சிறுநீரகத்தில் கல் வளரவும் இதே மூன்றும் தேவை.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் கல் வருவதில்லை? சிறுநீரில் படிகம் வளர்வதைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது சிட்ரேட். அது கால்சியத்தைப் பிடித்துக் கரையும் நிலையிலேயே வைத்துக்கொள்கிறது; உருவாகிவிட்ட படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டி, அது மேலும் வளராமலும் பார்த்துக்கொள்கிறது. மெக்னீசியம் ஆக்சலேட்டோடு இணைந்து, கால்சியத்துக்குக் கிடைக்கும் ஆக்சலேட்டைக் குறைக்கிறது. சிறுநீரகமே சுரக்கும் யூரோமோடுலின் போன்ற புரதங்கள் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. படியத் துடிக்கும் உப்புகளுக்கும் தடுக்கும் பொருள்களுக்கும் இடையே நாள் முழுக்க ஒரு சமநிலை நிலவுகிறது. நீர் குறைந்தாலோ, உப்புகள் கூடினாலோ, தடுப்புப் பொருள்கள் குறைந்தாலோ அந்தச் சமநிலை சாய்கிறது.

கல் எங்கே வேர்பிடிக்கிறது?

நெஃப்ரான் என்ற நுண்குழாய்கள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் உள்ளன. வடிகட்டப்பட்ட திரவம் அவற்றைக் கடந்து செல்லச் சில நிமிடங்களே ஆகும். அந்த நேரத்துக்குள் ஒரு படிகம் குழாயை அடைக்கும் அளவுக்கு வளர முடியாது என்று கணக்கிட்டார்கள். அப்படியென்றால் படிகம் எங்கோ ஓரிடத்தில் நிலையாகப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இடத்தைத் தேடியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல். இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திறந்து பார்த்து, 1937இல் தன் முடிவை வெளியிட்டார். சிறுநீரகத்தின் உட்புறத்தில் சிறுநீர் சொட்டும் கூம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய தோலுக்கு அடியில் வெண்ணிறத் திட்டுகளை அவர் கண்டார். அவை கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. சில திட்டுகளின் மேல் சிறு கற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்று அவை ராண்டல் திட்டுகள் எனப்படுகின்றன.

அந்தத் திட்டுகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2003இல் இண்டியானா, சிகாகோ ஆய்வாளர்களான ஆண்ட்ரூ ஈவன், ஃபிரெட்ரிக் கோ குழுவினர் அதற்கு விடை கண்டார்கள். அறுவை சிகிச்சையின்போது எடுத்த நுண்ணிய திசுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நெஃப்ரானின் ஹென்லே வளைவில் உள்ள மெல்லிய பகுதியின் அடித்தள உறையில் அபடைட் துகள்கள் முதலில் தோன்றுவது தெரிந்தது. அங்கிருந்து அவை திசுவுக்குள் பரவி, கூம்பு முனையின் தோலை எட்டுகின்றன. தோல் கிழிந்ததும் அந்தத் திட்டு சிறுநீரில் நனைகிறது. அதன்மீது புரதமும் கால்சியம் ஆக்சலேட்டும் அடுக்கடுக்காகப் படிகின்றன. காரணம் தெரியாமல் கால்சியம் ஆக்சலேட் கல் வரும் பலருக்குத் தொடக்கம் இவ்வாறுதான். மற்ற கற்களில் பாதை வேறு: சிஸ்டைனும் சில பாஸ்பேட் கற்களும் சிறுநீர் சேரும் குழாய்களின் வாயை அடைத்து, அங்கிருந்து வளர்கின்றன.

கல் கூம்பு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. அது கழன்று சிறுநீர் நாளத்துக்குள் இறங்கும்போதுதான் வலி தொடங்குகிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்த நாளத்தின் உட்குழி சில மில்லிமீட்டர் அகலமே. கல் அடைத்ததும் பின்னால் சிறுநீர் தேங்கி, நாளமும் சிறுநீரகத்தின் உறையும் விரிந்து இழுபடுகின்றன. விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் பரவும் வலி அதனால் வருவது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சிறுநீரே பிரியாவிட்டாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு ஏற்பட்டாலோ காத்திருக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலிடம்: கால்சியம் ஆக்சலேட்

பத்துக் கற்களில் ஏழெட்டு இந்த வகையே. இதில் இரு வடிவங்கள் உண்டு. வெடெலைட் இரு பிரமிடுகளை அடிப்பக்கம் ஒட்டியதாகத் தெரியும் படிகம். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் பெயரைத் தாங்கிய ஹியூவெலைட் கெட்டியானது, பழுப்பு நிறமானது, அதிர்வலையால் உடைப்பதற்குக் கடினமானது. சிறுநீரில் கால்சியம் மிகும்போது வெடெலைட்டும், ஆக்சலேட் மிகும்போது ஹியூவெலைட்டும் அதிகம் உருவாகின்றன. ஒரே வேதிப்பொருளின் இரு படிக வடிவங்களைப் பிரித்துப் பார்த்தாலே மருத்துவருக்கு ஒரு துப்பு கிடைக்கிறது.

ஆக்சலேட் இரு வழிகளில் வருகிறது. ஒரு பங்கை நம் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. மறு பங்கு உணவிலிருந்து வருகிறது: பாலக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி, தேநீர். வைட்டமின் சி மாத்திரைகளை அதிக அளவில் நெடுநாள் விழுங்கினால் அதில் ஒரு பகுதியும் ஆக்சலேட்டாக மாறுகிறது. மறுபுறம், நம் குடலில் ஆக்சலேட்டையே உணவாக உண்ணும் ஆக்சலோபாக்டர் என்ற பாக்டீரியா வாழ்கிறது. 1985இல் விவரிக்கப்பட்ட இந்த நுண்ணுயிர், நாம் அடிக்கடி விழுங்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளால் அழிந்துபோகலாம்.

மிக அரிதாக, கல்லீரலில் ஒரு நொதி பிறவியிலேயே பழுதாகி, ஆக்சலேட் கட்டுக்கடங்காமல் உற்பத்தியாகும். குழந்தைப் பருவத்திலேயே கற்கள் நிறைந்து சிறுநீரகம் செயலிழக்கும் இந்த நோய்க்கு, கல்லீரல் மாற்று அறுவையே ஒரு காலத்தில் வழியாக இருந்தது. ஆக்சலேட் உற்பத்தியை மரபணுச் செய்தி நிலையிலேயே தடுக்கும் லுமாசிரான் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் கிடைத்தது. குழந்தைக்குக் கல் வந்தால் இந்த நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாஸ்பேட், யூரிக் அமிலம், ஸ்ட்ருவைட், சிஸ்டைன்

சிறுநீர் காரத்தன்மைக்குச் சாயும்போது கால்சியம் பாஸ்பேட் கற்கள் வளர்கின்றன. ஒரு கல்லில் பாஸ்பேட் மிகுந்திருந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைக்கிறதா? சிறுநீரகத்தால் அமிலத்தை வெளியேற்ற முடியாத குறைபாடு உண்டா? வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிராமேட் போன்ற மருந்தை உட்கொள்கிறாரா? மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் எடையற்ற வெளியில் வாழும் விண்வெளி வீரர்களுக்கும் எலும்பு கரைந்து சிறுநீரில் கால்சியம் கூடுகிறது. கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

யூரிக் அமிலக் கல்லின் கதை நேர்மாறானது. அது அமிலச் சிறுநீரில்தான் பிறக்கிறது. சிறுநீரின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் யூரிக் அமிலம் கரைய மறுக்கிறது, 6.5ஐ எட்டினால் அதே அமிலம் பல மடங்கு எளிதாகக் கரைகிறது. ஆகவே இரத்தத்தில் யூரிக் அமிலம் எவ்வளவு என்பதைவிடச் சிறுநீர் எவ்வளவு அமிலமானது என்பதே இங்கே முதன்மையான கேள்வி. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களின் சிறுநீரகம் அமிலத்தைச் சமன்செய்யும் அம்மோனியாவைப் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் அவர்களுக்கு இந்தக் கல் அதிகம். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும் தமிழ்நாட்டில் இதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, சிடி ஸ்கேனில் தெரியும். இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்தால், கத்தியும் கருவியும் இல்லாமலே பல யூரிக் அமிலக் கற்கள் கரைந்துவிடும். சேர்மானம் தெரியாமல் அறுவைக்குப் போவதற்கும் தெரிந்து மருந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

ஸ்ட்ருவைட் கல் பாக்டீரியாவின் கைவேலை. புரோடியஸ் போன்ற கிருமிகளிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. சிறுநீர் காரமாகிறது, மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் கூடிப் படிகின்றன. மற்ற கற்கள் வளர மாதங்கள், ஆண்டுகள் ஆகும்போது, இது சில வாரங்களிலேயே சிறுநீரகத்தின் உட்கிளைகளை எல்லாம் நிரப்பி மான்கொம்பு வடிவம் எடுத்துவிடலாம். சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு அதிகம் என்பதால் இந்தக் கல்லும் அவர்களுக்கே அதிகம். கல்லின் உள்ளேயே கிருமிகள் குடியிருப்பதால், ஒரு துணுக்கையும் மிச்சம் வைக்காமல் எடுத்தாக வேண்டும்.

சிஸ்டைன் கல் மரபணுவால் வருவது. சிறுநீரகம் சில அமினோ அமிலங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கதவு பழுதாகிவிடுவதால், கரையாத சிஸ்டைன் சிறுநீரில் குவிகிறது. நுண்ணோக்கியில் அறுகோண வடிவில் தெரியும் அந்தப் படிகம் வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாதது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பெரும்பாலும் நோய் வெளிப்படும். ஆகவே சொந்தத்தில் திருமணம் வழக்கமாக உள்ள குடும்பங்களில், சிறு வயதில் கல் வந்த பிள்ளையின் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிப்பது நல்லது.

இந்தக் கற்களை ஆராய்ந்ததில் அறிவியலுக்கும் பெரும் லாபம் கிடைத்தது. 1776இல் ஸ்வீடனின் கார்ல் ஷீலே ஒரு சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்துதான் யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். 1810இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வொலாஸ்டன் இன்னொரு கல்லிலிருந்து சிஸ்டைனைப் பிரித்தார். புரதங்களின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்களுள் மனிதர் கண்டறிந்த மிக முற்பட்டவற்றில் அதுவும் ஒன்று. நோயாளியின் உடலில் இருந்து எடுத்த கல்லைத் தூக்கி எறியாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்கள் உயிர்வேதியியலுக்கு அடித்தளம் இட்டார்கள்.

மனிதர் செய்த கல்

2008இல் சீனாவில் பச்சிளங்குழந்தைகள் சிறுநீரகக் கல்லோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகம் இருப்பதாகக் காட்ட மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைச் சேர்த்திருந்தார்கள். புரதச் சோதனை உண்மையில் அளப்பது நைட்ரஜனை. மெலமைனில் நைட்ரஜன் நிறைய உண்டு. பால்மாவு வழியாகக் குழந்தைகளின் உடலுக்குள் போன மெலமைன், அவர்களின் சிறுநீரில் இயல்பாகவே அதிகம் உள்ள யூரிக் அமிலத்தோடு சேர்ந்து கல்லாயிற்று. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது. கல்லின் சேர்மானம் அந்தக் கலப்படக் குற்றத்துக்கு மறுக்க முடியாத சாட்சியாக நின்றது.

குன்னூரில் ஓர் ஆய்வு

பழைய மருத்துவ நூல்கள் பேசும் கல் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கல். எகிப்தில் எல் அம்ராவில் கிடைத்த ஒரு பழங்கால உடலின் இடுப்பெலும்புகளுக்கிடையே 1901இல் அப்படியொரு கல்லை எலியட் ஸ்மித் கண்டார். சுஸ்ருத சம்ஹிதை அஸ்மரி என்ற பெயரில் இந்த நோயை விரிவாகப் பேசி, கல்லை வெட்டியெடுக்கும் முறையையும் விளக்குகிறது. அந்தக் காலத்தில் இந்தக் கல் அதிகமாக வாட்டியது ஏழைக் குழந்தைகளை.

ஏன் என்ற கேள்வியை நீலகிரியில் இருந்து ஒருவர் எழுப்பினார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மக்காரிசன், எலிகளுக்குத் தானியம் மிகுதியாகவும் வைட்டமின் ஏ குறைவாகவும் உள்ள உணவைக் கொடுத்தார். அவற்றுக்குச் சிறுநீர்ப் பாதையில் கற்கள் உருவாயின. உணவில் பால் சேர்ந்தபோது அந்தக் கற்கள் வரவில்லை. இந்தியாவில் கல் நோய்க்கான காரணம் பற்றிய அவருடைய கட்டுரை 1931இல் வெளியாயிற்று. பாலோ வேறு விலங்குப் புரதமோ கிடைக்காமல் ஒரே தானியத்தை நம்பி வளரும் குழந்தைக்குப் பாஸ்பேட் குறைகிறது; சிறுநீரில் அம்மோனியம் கூடி, யூரேட்டோடு சேர்ந்து கல்லாகிறது என்று பின்வந்த ஆய்வுகள் விளக்கின. அவர் நடத்திய ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

ஊட்டம் மேம்பட்ட நாடுகளில் குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதே நாடுகளில் பெரியவர்களின் சிறுநீரகக் கல் பெருகியது. வறுமை ஒரு வகைக் கல்லைக் கொடுத்தது. உப்பும் இறைச்சியும் மிகுந்த, உடலுழைப்புக் குறைந்த வாழ்க்கை இன்னொரு வகையைக் கொடுக்கிறது.

பாலையும் தயிரையும் ஏன் நிறுத்தக் கூடாது?

கல்லில் கால்சியம் இருக்கிறது, எனவே பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று அக்கறையோடு சொல்லும் உறவினர் இல்லாத வீடு இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1993இல் கேரி கர்ஹன் குழுவினர் அமெரிக்காவில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டார்கள். உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் வரும் ஆபத்து, குறைவாக எடுத்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இத்தாலியின் பார்மா நகரில் லொரிஸ் போர்கி இதை நேரடியாகவே சோதித்தார். மீண்டும் மீண்டும் கல் வந்த, சிறுநீரில் கால்சியம் மிகுந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கினார். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. 60 பேருக்கு இயல்பான அளவு கால்சியத்தோடு உப்பும் விலங்குப் புரதமும் குறைந்த உணவு. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்திருந்தது. இரண்டாம் பிரிவில் 12 பேருக்கு மட்டுமே. 2002இல் இந்த முடிவு வெளியானது.

இதன் காரணம் குடலில் இருக்கிறது. உணவோடு சேர்ந்து வரும் கால்சியம், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக் கரையாத உப்பாக்கி மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தடையின்றி இரத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர்கிறது. கீரைக் கூட்டோடு சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் மோர்ச் சோறு உண்ணும் நம் வழக்கம் இந்த வேதியியலுக்கு ஏற்றதே. கால்சியம் மாத்திரைகளின் கதை வேறு. 36 ஆயிரம் பெண்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால்சியமும் வைட்டமின் டியும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல் 17 சதவீதம் கூடியது. மாத்திரை தேவைப்படுவோர் மருத்துவரைக் கேட்டு, உணவோடு சேர்த்தே அதை எடுக்க வேண்டும்.

குறைக்க வேண்டியது உப்பை. சோடியம் வெளியேறும்போது சிறுநீரகம் கால்சியத்தையும் கூடவே வெளியேற்றுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பாக்கெட் தின்பண்டங்கள் ஆகியவை வழியாகப் போகும் உப்பு சிறுநீரில் கால்சியமாகத் திரும்பி வருகிறது. இறைச்சி மிகும்போது உடலில் அமிலம் கூடிச் சிட்ரேட் குறைகிறது. எலுமிச்சைச் சாறு சிட்ரேட்டைக் கூட்டும். ஆனால் அதில் உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டால் பயன் கெட்டுவிடும்.

தக்காளி விதைதான் கல்லாகிறது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. விதை செரிமானப் பாதையில் போவது, சிறுநீரகத்துக்குள் நுழைய வழியே கிடையாது. தக்காளியில் ஆக்சலேட்டும் குறைவுதான். பீர் குடித்தால் கல் கரையும் என்பதும் தவறு. எந்தப் பானமும் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைப்பதில்லை. வாழைத்தண்டுச் சாறு எலிகளில் ஆக்சலேட்டைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதரில் வளர்ந்த கல்லைக் கரைக்கும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. உணவாக அது நல்லது. சிகிச்சைக்கு மாற்றாக அதை நம்பி மாதங்களைக் கடத்தினால் சிறுநீரகம் வீங்கிப் பழுதாகலாம்.

தண்ணீரும் கழிப்பறையும்

எந்தக் கனிமமாக இருந்தாலும், கரைசல் நீர்த்தால் படிவது குறையும். போர்கி 1996இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், முதல் முறை கல் வந்த 199 பேர் பங்கேற்றார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கும்படி சொல்லப்பட்ட பிரிவில் ஐந்து ஆண்டுகளில் 12 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது. மற்ற பிரிவில் 27 சதவீதம் பேருக்கு. விலையற்ற ஒரு மருந்துக்கு இது பெரிய வெற்றி.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது. வேலூர் வெயிலில் சாலை போடுபவருக்கு வியர்வையில் போவதே பல லிட்டர். குடிப்பதை அளப்பதைவிட, வெளியேறும் சிறுநீரை அளப்பதே சரி. கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எளிய வழி.

ஆனால் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பதும், சிறுநீர்ப் பாதைத் தொல்லைகளுக்கு ஆளாவதும் அதில் பதிவாயின. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் துணிக்கடையிலும் பேருந்திலும் நாள் முழுக்க உழைப்பவர்களிடம் மூன்று லிட்டர் குடியுங்கள் என்று சொல்வதற்கு முன், அவர்கள் போய்வர ஒரு சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சிறுநீரகக் கல்லின் காரணங்களை எழுதும்போது கால்சியத்தோடும் ஆக்சலேட்டோடும் இந்தக் காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கல்லை வீணாக்காதீர்கள்

1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர், உடலை வெட்டாமல் வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். விமானம் செய்யும் டோர்னியர் நிறுவனம் அந்தக் கருவியை உருவாக்கியது. இன்று மாவட்டத் தலைநகரங்களில்கூட அதிர்வலைச் சிகிச்சையும் லேசரும் கிடைக்கின்றன. ஆனாலும் கல்லை உடைப்பது வேறு, கல்லை விளைவித்த சிறுநீரை மாற்றுவது வேறு. தடுப்பு முயற்சி ஏதும் எடுக்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் கல் திரும்பி வருகிறது.

ஆகவே கல் வெளியேறும் நாட்களில் ஒரு மெல்லிய துணியிலோ வடிகட்டியிலோ சிறுநீரைப் பிடியுங்கள். கிடைக்கும் துணுக்கைக் கழுவி, உலர்த்தி, சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். அறுவையில் எடுத்தால் அதையும் ஆய்வுக்கு அனுப்பும்படி கேளுங்கள். அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அது எந்தக் கனிமம் என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். மீண்டும் கல் வந்தவர்களும் சிறு வயதில் கல் வந்தவர்களும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, அதில் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம் ஆகியவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். கல்லின் பெயர் தெரிந்த பிறகு, எந்த உணவைக் குறைப்பது, எந்த மருந்தை எடுப்பது, எதை அஞ்ச வேண்டாம் என்ற கேள்விகளுக்கு ஊகத்தால் பதில் தேட வேண்டியதில்லை. அந்தச் சிறு பரிசோதனைக்கு ஆகும் செலவு, இன்னொரு முறை கல்லை உடைக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.